கடற்காவல் மறுசீரமைப்பு: முதலில் எண்ண வேண்டியது கட்டுப்பாட்டு அறை நாற்காலிகளை

கேள்வி கேட்டவர் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரர். அவருடைய அக்காள் மகன் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தில், அதாவது ஏ.பி.எம்.எம்.மில், சேர்ந்து நான்கு ஆண்டாகிறது. இந்த நிறுவனத்தையும் கடல் போலீஸையும் ஒன்றாக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புவதைப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறார். ஒரு நாட்டின் கடலோரக் காவலை மறுசீரமைப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்வார்கள்? கட்டுப்பாட்டு மையங்களைக் குறைத்தால் மீனவர்களுக்கு ஆபத்தா? உள்ளே இருக்கும் பையன் கதி என்ன?

புதுக் கப்பல், புதுச் சீருடை, புதுச் சின்னம் என்று படத்தில் வருவதெல்லாம் மறுசீரமைப்பின் எளிதான பாதி. அது உருப்படுமா கவிழுமா என்பது இரவு மூன்று மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் எத்தனை நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அந்த ஆளுக்கு எந்தக் கடல் தெரியும் என்பதில் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுத்தான் பல நாடுகள் பின்னால் திணறின.

முதலில் நம் ஊர் நிலவரம். ஏ.பி.எம்.எம். வருவதற்கு முன் கடற்படை, கடல் போலீஸ், மீன்வளத் துறை, சுங்கத் துறை, கடல்துறை என்று ஆளுக்கொரு படகு, ஆளுக்கொரு சட்டம். 1985-இல் லூமுட்டில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்தார்கள். ஒருங்கிணைக்கும் வேலை இருந்தது, கட்டளையிடும் அதிகாரம் இல்லை. அதனால்தான் 2004-இல் ஏ.பி.எம்.எம்.மை உருவாக்கும் 633ஆவது சட்டம் வந்தது. அது 2005 பிப்ரவரி 15-இல் அமலுக்கு வந்து, அதே ஆண்டு நவம்பர் 30-இல் நிறுவனம் கடலில் வேலையைத் தொடங்கியது. ஆரம்பத்தில் ஐந்து வட்டாரம், பதினெட்டு மாவட்டம். பயிற்சிக்கூடம் குவாந்தானை அடுத்த கெபேங்கில். 2017 முதல் வெளிநாட்டார் புரிந்துகொள்ள ‘மலேசியா கோஸ்ட் கார்ட்’ என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். 2018-இல் பிரதமர் துறையிலிருந்து உள்துறை அமைச்சுக்கு மாற்றினார்கள்.

இருபது ஆண்டு கழித்தும் பினாங்கின் பத்து உபானில் கடல் போலீஸின் முதலாம் வட்டாரத் தலைமையகம் அப்படியே இருக்கிறது. மீன்வளத் துறையும் சுங்கமும் தங்கள் படகுகளை ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அதாவது நடந்தது பாதி இணைப்பு. பாதி இணைப்பு தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். இந்தியாவிலும் 1978 சட்டத்தால் கடலோரக் காவல்படை வந்த பிறகு, தமிழ்நாட்டுப் போலீஸ் தன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைத் தனியாக நடத்துகிறது. ஆனால் பாதி இணைப்பில் ஒரு விலை உண்டு. ஒரே மலாக்கா நீரிணையைப் பார்க்க மூன்று கட்டுப்பாட்டு அறை, மூன்று ரேடியோப் பதிவேடு, மூன்று ஷிப்ட் பட்டியல். அந்த விலையைக் கணக்கில் காட்டும்போதுதான் ‘சேர்த்துவிடலாமே’ என்ற யோசனை அமைச்சில் எழும்.

‘மறுசீரமைப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. துறைகளை இணைப்பது ஒன்று. அது சட்டம், சீருடை, சம்பளத் திட்டம் பற்றியது. கட்டுப்பாட்டு மையங்களை இணைப்பது இன்னொன்று. அது தொலைத்தொடர்பும் ஆள் கணக்கும். படகுகளையும் தளங்களையும் இடம் மாற்றுவது மூன்றாவது. அது தூரமும் எண்ணெயும். இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் செய்யத் துணிகிற திட்டம் எது வந்தாலும் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். எது பழுதானது என்றுகூடப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நாற்காலிக் கணக்கு. ஒரு நாற்காலியில் ஆண்டு முழுவதும் ஆள் இருக்க வேண்டுமானால் 24 × 365 = 8,760 மணி நேரம். கட்டுப்பாட்டு அறைகளில் வழக்கமான சுற்று: இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு, ஒவ்வொரு ஷிப்ட்டும் 12 மணி நேரம். சராசரியாக வாரம் 42 மணி நேரம் வரும். அப்படிப் பார்த்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 182 ஷிப்ட். அதில் விடுப்புக்கு 25, பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் 10, உடம்பு சரியில்லாதது, வீட்டு விசேஷம், துக்கம் என்று 6 கழித்தால் மீதி 141. அதை 12-ஆல் பெருக்கினால் 1,692 மணி நேரம். 8,760-ஐ 1,692-ஆல் வகுத்தால் ஒரு நாற்காலிக்கு 5.2 ஆள். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு இடம் காலியாகவோ பயிற்சி முடியாதவர் கையிலோ இருக்கும் என்று வைத்தால் 5.8.

திட்டம் தீட்டுகிறவர் இந்த இடத்தில் என்ன செய்கிறார் தெரியுமா? ‘நான்கு குழு, ஒரு குழுவுக்கு மூன்று பேர், ஆக 12 பேர் போதும்’ என்று எழுதிவிடுகிறார். மூன்று நாற்காலிக்குத் தேவை 26,280 மணி நேரம். 12 பேர் தருவது 20,304. துண்டு விழுவது 5,976 மணி நேரம், அதாவது 498 ஷிப்ட். அதை அந்த 12 பேரே கூடுதலாகப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டில் 41 ஷிப்ட். நான்கு நாள் ஓய்வு என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். பார்க்கவில்லை என்றால் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும், அதுவும் பெரும்பாலும் இரவில். இன்னொரு சின்ன விஷயம்: ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கக் கால் மணி நேரம் வேண்டும். நாளுக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு 182 மணி நேரம். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்கள் தங்கள் சொந்த நேரத்தில் செய்துவிட்டுப் போகிறார்கள். மறுசீரமைப்பால் மனம் கசந்த நாளில் முதலில் நின்றுபோவது அந்தக் கால் மணி நேரம்தான். பாதியில் நிற்கும் தேடுதல் ஒன்றின் விவரம் புது ஷிப்ட்டுக்கு முழுதாகப் போய்ச் சேராது.

மையங்களை இணைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அறைக்கு இரண்டு நாற்காலி வீதம் மூன்று அறைகள் இருந்தால் ஆறு நாற்காலி. மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் நெருக்கடி வருவது அபூர்வம் என்பதால், ஒரே அறையில் நான்கு நாற்காலி போட்டு அதே வேலையைச் செய்யலாம். மிச்சமாகும் இரண்டு நாற்காலி என்பது 10 அல்லது 11 பேர். அவர்களைப் படகுக்கு அனுப்பலாம், பயிற்சிக்கு அனுப்பலாம். சிறிய அறையில் இரவெல்லாம் ஒரு அழைப்பும் வராமல் கை மறந்துபோகிற பிரச்சினையும் தீரும். இவை உண்மையான லாபங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு ‘நெருக்கடிகள் தனித்தனியாக வரும்’ என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. நம் மேற்குக் கரையில் அது எப்போது உடையும்? ‘சுமாத்ரா’ என்று சொல்கிற புயற்கோடு வரும்போது. தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியற்காலையில் நீரிணையைக் குறுக்கே கடந்து வருகிற அந்த இடிமழைக் கோடு நீண்டது. பல இடங்களில் மீன் படகுகள் வலை போட்டுக்கொண்டோ வலை இழுத்துக்கொண்டோ இருக்கும் அதே நேரத்தில் அடிக்கும். அன்றைக்கு மூன்று மாநில அழைப்பும் அடுத்தடுத்து ஒரே அறைக்கு வரும். ஆகவே நாற்காலி எண்ணிக்கையை ஆண்டுச் சராசரி அழைப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது. மோசமான விடியற்காலை ஒன்றை எடுத்து, அந்த மூன்று மணி நேரத்தில் வந்த அழைப்புகளை நிமிடவாரியாக அடுக்கி, புது அறையில் யார் எதை எடுப்பார் என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய பதிவேடு எல்லா மையத்திலும் இருக்கிறது; இதற்குத் தனியாகச் செலவில்லை.

பிரிட்டன் இதில் எல்லாரும் படிக்க வேண்டிய பாடம். 2010 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட திட்டப்படி, கடலோரம் நெடுக இருந்த 18 மையங்களைக் குறைத்து, இரண்டு பெரிய செயல்பாட்டு மையங்கள், 24 மணி நேரமும் இயங்கும் டோவர், பகலில் மட்டும் திறந்திருக்கும் ஐந்து துணை மையங்கள் என்று ஆக்குவதாக இருந்தது. அந்தப் ‘பகலில் மட்டும்’ என்பதுதான் திட்டத்தைக் கவிழ்த்தது. இரவில் கதவு சாத்துகிற மையத்தில் யார் வேலைக்கு வருவார்? மாலையில் தொடங்கிய தேடுதலை யார் முடிப்பார்? நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு விசாரித்தது, கரையோர மக்கள் எதிர்த்தார்கள். 2011 ஜூலையில் திருத்திய திட்டம் வந்தது: ஃபேர்ஹாமில் ஒரு தேசிய மையம், அதோடு 24 மணி நேரமும் இயங்கும் ஒன்பது மையங்கள், லண்டனில் ஒரு சிறு மையம். தேசிய மையம் 2014 செப்டம்பரில் வேலையைத் தொடங்கியது.

தொழில்நுட்பக் காரணம் சரியானதுதான். முன்பு இரண்டு இரண்டு மையங்கள் ஜோடியாக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று விழுந்தால் அதன் ஜோடி மட்டுமே தாங்க முடியும். ஜோடியும் திணறினால் நாட்டின் மறுகோடியில் சும்மா இருக்கிற மையத்தால் கை கொடுக்க முடியாது. புது வலையமைப்பில் எந்த மையமும் எந்தக் கடலையும் எடுத்துக்கொள்ளலாம். எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான் பிழை நடந்தது. புதுத் தேசிய மையம் இயங்குமுன்பே 2012-இல் ஃபோர்த், கிளைடு என்ற இரண்டு மையங்களை மூடினார்கள். ஃபோர்த்தின் கடல் அபர்டீனுக்கும் கிளைடின் கடல் பெல்ஃபாஸ்ட், ஸ்டோர்னோவே இரண்டுக்கும் போயிற்று. தங்கள் கடலையே ஆள் பற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் பக்கத்துக் கடலும் ஏறியது. இன்னொரு பக்கம், மூடப்போவதாக அறிவித்துவிட்ட மற்ற மையங்களில் நல்ல கைகள் முதலில் கிளம்பின. மூடும் தேதி இன்னும் இரண்டு ஆண்டு தள்ளி இருந்தாலும் குடும்பமும் வீட்டுக் கடனும் இருக்கிறவர் காத்திருக்கமாட்டார். அதே போக்குவரத்துக் குழு 2012 டிசம்பரில் மறுபடியும் எழுதியபோது ஆள் பற்றாக்குறையையும் ஊழியர் மனச்சோர்வையும்தான் சுட்டிக்காட்டியது.

கனடாவில் இதைவிடச் சின்ன உதாரணம். வான்கூவர் நகரத்தின் கிட்சிலானோ மீட்புத் தளத்தை 2013 பிப்ரவரியில் மூடினார்கள், 2016-இல் மறுபடி திறந்தார்கள். மூடுவது ஒரு நாள் வேலை. திறக்கும்போது படகு, ஆள், பயிற்சி எல்லாம் முதலிலிருந்து.

ஊர் தெரிந்தவர் என்ற வாதத்தை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்பும் இதை மிகைப்படுத்தும். பினாங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மங்கி பீச் பக்கம் படகு கவிழ்ந்துவிட்டது’ என்று சுற்றுலாக்காரர் சொல்வார். அதே இடத்தை மீனவர் தெலுக் டூயோங் என்பார், வரைபடத்தில் இருப்பதும் அதுதான். ‘பூலாவ் தீக்குஸ் கிட்ட’ என்று பதற்றத்தில் ஒருவர் சொன்னால் அது சந்தையும் பேருந்தும் இருக்கிற ஊரா, தஞ்சோங் பூங்காவுக்கு எதிரே இருக்கிற குட்டித் தீவா? பத்து மாவுங்கில் பேசுகிற ஹொக்கியன் சீனத்தையும் கரையோரத்து மலாய் வழக்கையும் சரவாக்கின் கூச்சிங்கிலிருந்து வந்து உட்கார்ந்த இளைஞர் எவ்வளவு பிடிப்பார்? இதெல்லாம் நிஜம்.

ஆனால் ஊர் அறிவு ஒரு மனிதரின் மண்டைக்குள் மட்டும் இருந்தால் அவர் ஓய்வுபெறுகிற நாளில் அதுவும் போய்விடும், மையத்தை மூடினாலும் மூடாவிட்டாலும். எழுதி வைக்கக்கூடியதை எழுதி வைக்க வேண்டும்: ஒவ்வொரு முனைக்கும் பாறைக்கும் மக்கள் சொல்லும் எல்லாப் பெயர்களும், அதன் அட்சரேகை தீர்க்கரேகை, அருகில் இருக்கும் படகுத்துறை, அங்கே கூப்பிட்டால் எழுந்து வருகிற மீனவர் சங்கத் தலைவரின் எண், வற்று நேரத்தில் எந்தப் படகு உள்ளே போக முடியாது. மூக்கா ஹெட், தெலுக் கும்பார், பூலாவ் அமான், பூலாவ் கெண்டி, கெர்தாக் சங்குல் என்று ஒரு மாநிலத்துக்கு இருநூறு முந்நூறு பதிவு வந்துவிடும். பிறகு சோதனை. பழைய அழைப்புகளில் ஐம்பதை எடுத்து, குரல்பதிவை மட்டும் போட்டு, புது அறை ஆட்கள் எத்தனை இடத்தைச் சரியாகக் குறிக்கிறார்கள், எத்தனை நொடியில் குறிக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய மையத்தின் ஆட்களையும் அதே ஐம்பதில் உட்கார வையுங்கள். வித்தியாசம் எண்ணாக வந்துவிட்டால் அப்புறம் வாக்குவாதமே இல்லை. எழுத முடியாத பகுதி ஒன்று மிஞ்சும்: குரலைக் கேட்டே ஆள் பதறுகிறாரா, குடித்திருக்கிறாரா, விஷயத்தை மறைக்கிறாரா என்று அறிகிற காது. அதைக் கடத்த ஒரே வழி பழையவரும் புதியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பல மாதம் ஒன்றாக ஷிப்ட் பார்ப்பது.

சில நிமிடத் தாமதம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. கவிழ்ந்த படகிலிருந்து மிதப்பவர் எங்கே இருப்பார் என்ற வட்டம் மணிக்கு ஒரு கடல் மைல் விரிகிறது என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஆரம் 2 மைல், பரப்பு சுமார் 12.6 சதுர மைல். நான்கு மணி நேரத்தில் ஆரம் 4, பரப்பு 50. நேரம் இரட்டிப்பானால் கடல் நான்கு மடங்காகிறது. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில், அரை மைல் இடைவெளி விட்டுத் தேடும் ஒரு படகு மணிக்கு 7.5 சதுர மைல் பார்க்கும். முதல் நிலையில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற தேடல் இரண்டாம் நிலையில் ஏழு மணி நேரத்தை நெருங்கிவிடும், அதற்குள் வட்டம் இன்னும் விரிந்திருக்கும். நம் கடல் சூடு. ஸ்காட்லாந்துக் குளிர்நீரில் போல ஒரு மணி நேரத்தில் கை விறைத்துப்போகாது, மிதவை இருந்தால் ஒரு நாளுக்கு மேலும் தாங்கியவர்கள் உண்டு. அதனால் அவர்களுடைய நிமிடக் கெடுவை அப்படியே இங்கே நகலெடுப்பது வீண். நமக்கு உயிர் காப்பது வேகமான படகைவிட ‘எங்கே, எப்போது’ என்று முதல் அழைப்பிலேயே சரியாக வாங்கிக்கொள்கிற ஆள்.

படகுத் தளத்துக்கும் இதே கணக்கு உண்டு. பினாங்கிலிருந்து லங்காவி ஏறக்குறைய 60 கடல் மைல். 25 நாட் வேகத்தில் போனால் 2 மணி 24 நிமிடம், அதுவும் கடல் அமைதியாக இருந்தால். பினாங்குக் கடல் லங்காவித் தேடி மீட்கும் துணை மையத்தின் பொறுப்பு எல்லைக்குள் வருகிறது. கட்டுப்பாடு அங்கே இருப்பதில் தவறில்லை. படகும் அங்கேயே போய்விட்டால்தான் தவறு. அறையை நகர்த்தலாம், படகுத்துறையை நகர்த்தக்கூடாது என்று சுருக்கமாக நினைவில் வைக்கலாம்.

தொலைத்தொடர்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வி.எச்.எஃப். ரேடியோ பார்வைக்கோட்டில் போகும். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலையில் ஓர் ஆண்டெனா வைத்தால், 3 மீட்டர் உயர ஆண்டெனா உள்ள படகை ஏட்டுக்கணக்கில் 65 முதல் 70 கடல் மைல் வரை கேட்கலாம். அறை எங்கே இருக்கிறது என்பது ரேடியோவுக்கு முக்கியமில்லை. மலையிலிருந்து அறைக்கு வரும் இணைப்புதான் முக்கியம். அந்த இணைப்பு இரண்டு வழியாக வர வேண்டும், இரண்டும் ஒரே குழியில் புதைத்த கம்பியாக இருக்கக்கூடாது. ஒரே சாலை வெட்டில் இரண்டு கம்பியும் போய், கடல் முழுக்க மௌனமாகிவிடுவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. 16ஆம் சேனலில் பேச்சு, 70ஆம் சேனலில் எண்முறை அபாய அழைப்பு, 406 மெகாஹெர்ட்ஸ் அபாய மிதவையின் செயற்கைக்கோள் செய்தி, 999 வழியாக வரும் கைப்பேசி அழைப்பு என நான்கும் தனித்தனிப் பாதை. மையம் மாறும் நாளில் நான்கையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நம் சிறு படகுக்காரர்களில் பலரிடம் ரேடியோ கிடையாது, கைப்பேசிதான். ஆகவே நான்காவது பாதை நமக்கு முதல் பாதை. 999 மையத்தில் அழைப்பை எந்த எண்ணுக்குத் திருப்புகிறார்கள் என்பதை மாற்ற மறந்தால் மற்ற மூன்றும் சரியாக இருந்து பயனில்லை.

கப்பல்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இணைப்பில் வரும் சொத்து, சொத்தாக மட்டும் வராது, சுமையோடு வரும். ஏ.பி.எம்.எம். தொடங்கியபோது கடற்படையிலிருந்து வந்தவற்றில் 1960களில் வோஸ்பர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய 31 மீட்டர் ரோந்துப் படகுகளும் இருந்தன. பெரிய கப்பல்கள் இரண்டு, முஷ்தாரியும் மாரிக்கும், கே.எம். லங்காவி, கே.எம். பங்கி என்று பெயர் மாறின. வேறு வேறு எஞ்சின், வேறு வேறு உதிரிபாகம், ஒவ்வொரு வகைக்கும் தனி மாற்றுப் பயிற்சி. ஒரு படகைக் கடலில் நிறுத்தி வைக்க மூன்று படகு வேண்டும் என்பது பொதுவான கணக்கு: ஒன்று ரோந்தில், ஒன்று பயிற்சியிலும் சில்லறைப் பழுதிலும், ஒன்று பட்டறையில். பழைய படகானால் மூன்று போதாது. இணைப்பு அறிக்கையில் ‘மொத்தப் படகு இத்தனை’ என்று வரும் எண்ணைப் பார்த்து மயங்காமல், கடந்த ஆண்டில் எத்தனை நாள் கடலில் ஓடின என்று கேட்க வேண்டும்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருவோம். மலேசிய அரசாங்கச் சேவையில் ஆள் இருப்பது வேறு, இடம் இருப்பது வேறு. பொதுச் சேவைத் துறையின் ‘வாரான்’, அதாவது பதவி இடங்களுக்கான ஆணை, இல்லாமல் பதவியே கிடையாது. இரண்டு துறையை இணைத்தால் முதலில் நடக்க வேண்டியது இரு பக்க வாரானையும் விரித்து வைத்து, எந்த இடம் நிற்கும், எது ஒழியும், எது தரம் மாறும் என்று வரிவரியாக எழுதுவது. இதற்குமுன் ஆட்களிடம் ‘யாருக்கும் பாதிப்பு இல்லை’ என்று வாக்குக் கொடுப்பது வெறும் வாய்ப்பந்தல்.

பிறகு ஒப்ஷன் கடிதம் வரும். பழைய திட்டத்திலேயே இருக்கிறீர்களா, புதுத் திட்டத்துக்கு மாறுகிறீர்களா என்று கேட்கும். ஒருமுறை கொடுத்த முடிவை மாற்ற முடியாது. மாற மறுத்தவர் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் அவருடைய திட்டம் ‘ஜுமூட்’ ஆகும்: புதிதாக யாரும் அதில் சேரமாட்டார்கள், மேலே உள்ள இடங்கள் ஒவ்வொன்றாக ஒழியும், பதவி உயர்வு வற்றும். தரம் குறைந்த இடத்தில் உட்காரவேண்டி வந்தவருக்கு, ‘காஸ் உந்தோக் பெஞாண்டாங்’ என்ற ஏற்பாட்டில் அவர் இருக்கும்வரை மட்டும் பழைய தரம் நீடிக்கும். அவர் போனதும் அந்தத் தரமும் போகும். இவை கெட்ட ஏற்பாடுகள் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவரை அப்படியே உறைய வைத்துவிடும், 28 வயதுக்காரருக்கு அது தண்டனை, 56 வயதுக்காரருக்கு அது பாதுகாப்பு. ஒரே சுற்றறிக்கையை இருவருக்கும் அனுப்பி ஒரே மாதிரி விளக்குவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

எல்லாவற்றையும்விடக் கசப்பைக் கிளப்புவது மூப்புப் பட்டியல். கடற்படையிலிருந்து வந்தவர், போலீஸிலிருந்து வந்தவர், நேரடியாகச் சேர்ந்தவர் மூவரும் ஒரே பதவியில் இருந்தால் யார் முன்னே? சேவையில் சேர்ந்த தேதியா, அந்தத் தரத்துக்கு உயர்ந்த தேதியா, புது நிறுவனத்துக்கு வந்த தேதியா? எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கூட்டம் இழக்கும். இதை இணைப்புக்கு முன்பே முடிவு செய்து, பெயர்ப் பட்டியலோடு வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, திருத்தி, பிறகு பூட்ட வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட மூப்புப் பிரச்சினை பத்து ஆண்டு கழித்தும் பதவி உயர்வு வாரியத்தின் மேசையில் கிடக்கும். போலீஸ், சிறை, ஆயுதப் படை உறுப்பினர்களும் பாதுகாப்புப் பணியில் உள்ள அரசு ஊழியர்களும் சங்கம் சேரக்கூடாது என்று 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனில் கடற்காவலர் சங்கம் நாடாளுமன்றக் குழுமுன் போய்ச் சாட்சி சொன்னது. இங்கே அந்தக் கதவு இல்லாததால், ஆட்சேபணைக்கு வேறொரு வழியைத் திட்டத்துக்குள்ளேயே வைத்தாக வேண்டும்.

அதிகாரம் மாறும் நள்ளிரவு இன்னொரு பள்ளம். கடல் போலீஸ்காரர் கைது செய்வது ஒரு சட்டத்தின்கீழ், ஏ.பி.எம்.எம். அதிகாரி கைது செய்வது 633ஆவது சட்டத்தின்கீழ். சீருடை மாறிய ஆளுக்கு நியமன ஆணையும் அதிகார அட்டையும் கைக்கு வருமுன் அவர் ஒரு படகை நிறுத்திச் சோதித்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே வழக்கைக் கீழே தள்ளிவிடுவார். ஆயுதப் பதிவேடு, பறிமுதல் செய்த படகுகள், சாட்சிப்பொருள் அறைச் சாவி, நடந்துகொண்டிருக்கும் விசாரணைக் கோப்பு எல்லாவற்றுக்கும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பட்டியல் வேண்டும். சாவி ஒருவரிடமும் பொருள் இன்னொருவர் பெயரிலும் இருக்கிற ஒரு வாரம் போதும், வழக்கு கெட்டுவிடும்.

நான் சொல்லும் வரிசை இது. முதல் ஆறு மாதம் எதையும் நகர்த்தாமல் எண்ணுவது மட்டும்: நாற்காலி, ஷிப்ட், படகு ஓடிய நாள், அழைப்பு. அடுத்து, மூடப்போகும் மையத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லி இடம் கொடுப்பது. மையத்தின் மூடும் தேதியை அறிவிக்குமுன் ஆளின் அடுத்த நாற்காலி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை நிற்பவருக்குத் தங்கும் ஊக்கத்தொகை கொடுப்பது, புதியவரைத் தேடிப்பிடித்து ஓராண்டு பயிற்றுவிப்பதைவிட மலிவு. பிறகு புது அறையைத் திறந்து, பழைய அறையையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக ஓட்டுவது. முதலில் புதிய அறை கேட்கும், பழையது பேசும். பிறகு புதியது பேசும், பழையது கேட்கும். ஒரு புயற்காலம் முழுதாக இப்படிக் கடந்த பிறகே பழைய அறையின் விளக்கை அணைக்கலாம். இரட்டைச் செலவுதான். நிதி அமைச்சு முதலில் வெட்டக் கேட்பதும் இந்த வரியைத்தான். ஒரே நேரத்தில் ஒரு மையத்துக்குமேல் மாற்றக்கூடாது. எந்த எண் எட்டினால் நிறுத்திப் பின்வாங்குவது என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும், உதாரணமாக ஒரு மாதத்தில் இத்தனை ஷிப்ட் ஆள் குறைந்து ஓடினால் என்று.

உங்கள் அக்காள் மகனுக்கு: நான்கு ஆண்டு என்பது பயமில்லாத வயது. அவருக்கு முன்னால் புதுத் திட்டம் வந்தால் மாறுவதில்தான் பெரும்பாலும் லாபம் இருக்கும், ஆனால் அது கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்போதே செய்ய வேண்டியது ஆவண வேலை. சேவைப் பதிவேட்டில் எல்லாப் பயிற்சியும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் கணினிப் பதிவில் இல்லாத பயிற்சி, நடக்காத பயிற்சிக்குச் சமம். கடலில் கழித்த நாட்களைக் கப்பல் வாரியாகக் குறித்து, அந்தந்தக் கப்பல் தலைவர் இடம் மாறிப் போகுமுன் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். ரேடியோ இயக்குநர் சான்றிதழ் இல்லையென்றால் வாங்கட்டும். மையங்கள் சேரும்போது படகிலும் அறையிலும் உட்காரத் தெரிந்தவரைத்தான் இரண்டு பக்கமும் இழுப்பார்கள். பினாங்கிலிருந்து வேறு ஊருக்கு மாற்றம் வந்தால் வீட்டுப்படியும் வாழ்க்கைச் செலவுப்படியும் இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கட்டும்.

ஒப்ஷன் கடிதம் கைக்கு வந்தால் மூன்று வரிகளைத் தேடச் சொல்லுங்கள்: மூப்புக்கு எந்தத் தேதி எடுத்துக்கொள்ளப்படும், ஓய்வூதியத்துக்குப் பழைய சேவை முழுதாகச் சேருமா, புதுத் திட்டத்தில் முதல் பதவி உயர்வுக்கு என்ன தேர்வு. மூன்றில் எது எழுதப்படாமல் இருந்தாலும் மனிதவளப் பிரிவுக்கு எழுத்து மூலமாகக் கேட்கட்டும், வாய்வார்த்தைப் பதில் வேண்டாம். அதற்காகக் காலக்கெடுவைத் தாண்ட விடவும் கூடாது. பதில் கொடுக்காதவர் மறுத்ததாகவே எடுத்துக்கொள்வது வழக்கம்.